கால் கட்டைவிரலில் ஒரு நாடா

தூக்கத்தில் மூச்சு எத்தனை முறை நிற்கிறது என்பதை இப்போது கணினியே எண்ணிவிடுகிறதாம். நான் ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியில் இப்போது என் நாற்காலியில் இருக்கும் ரேவதி போன வாரம் போனில் சொன்னாள். நோயாளி விரலில் ஒன்றை மாட்டிக்கொண்டு தன் வீட்டிலேயே தூங்கி எழுந்தால் போதும், விடை வந்துவிடுமாம். "நீங்க எப்படி சார் ஒரு முழுத் தூக்கத்தையும் கண்ணால பாத்தே எண்ணுனீங்க? எனக்கு நாலு பக்கம் தள்றதுக்குள்ள கண்ணு எரியுது" என்றாள்.

எனக்கு எரிந்ததில்லை. நான் எதையும் எண்ணுகிறவன். பஸ்ஸில் உட்கார்ந்தால் எதிர் ஜன்னலின் கம்பிகளை எண்ணுவேன். மாத்திரைகளைக் கடையிலேயே ஒருமுறை எண்ணி, வீட்டுக்கு வந்து மறுபடியும் எண்ணுவேன். வாசலைப் பூட்டிய பிறகு பூட்டை இழுத்துப் பார்ப்பதை மூன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று என் மனைவி எனக்கு வரம்பு வைத்திருக்கிறாள். இப்படிப்பட்டவனுக்கு மூச்சை எண்ணும் வேலை கிடைத்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் என் எண்ணிக்கை துளியும் பிசகாமல் இருந்து, விடை மட்டும் தலைகீழாகப் போன ஒரு நாள் உண்டு. ஜவ்வாது மலையில் நடந்தது அது. ரேவதிக்குப் போனிலேயே சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவளுக்கு நோயாளி வந்துவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கணியம்பாடிக்காரன். விலங்கியல் படித்துவிட்டு இ.சி.ஜி. எடுக்கும் வேலையில் சேர்ந்தேன். பிறகு மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பிரிவுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் தூக்கப் பரிசோதனைக்கூடம் ஆரம்பித்தபோது யாரைப் போடுவது என்று பேச்சு வந்ததாம். "தாமோதரனைப் போடுங்க. அந்தாளு எப்படியும் தூங்கறதில்ல" என்று யாரோ சொல்ல, போட்டுவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

எங்கள் தலைவர் டாக்டர் சுகந்தி, காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர். திரையில் ஓடும் பதிவை அவர் உட்கார்ந்து பார்த்து நான் கண்டதில்லை. நின்றபடியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். நோயாளி தூங்கும் அறைக்குள் போக வேண்டியிருந்தால் செருப்பை வெளியே கழற்றிவிடுவார். யாரிடமும் "நாக்கை நீட்டுங்க" என்று சொல்ல மாட்டார். முதலில் தன் நாக்கை முழுசாக நீட்டிக் காட்டுவார். எதிரில் இருப்பவர் ஊராட்சித் தலைவராக இருந்தாலும் சரி, தாசில்தாராக இருந்தாலும் சரி, சிரித்துக்கொண்டே தானும் நீட்டிவிடுவார். எங்கள் முடிவுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரே கேள்விதான்: "எண்ணினீங்களா, பாத்தீங்களா?" எனக்கு அந்தக் கேள்வி பல வருஷம் விளங்கவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்திருந்தேன்.

சிலருக்குத் தூங்கும்போது நாக்கு தளர்ந்து பின்னால் சரிந்து, மூச்சுக்குழாயின் வாசலை அடைத்துவிடும். நெஞ்சு இழுக்கும், காற்று போகாது. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் ஆளைப் பாதி எழுப்பும். ஒரு பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். எழுந்தது அவருக்கே தெரியாது. மறுபடியும் தூக்கம், மறுபடியும் அடைப்பு. விடிந்ததும் "நல்லாத்தான் தூங்கினேன்" என்பார். ஆனால் பகலெல்லாம் கண் சொக்கும், இரத்த அழுத்தம் ஏறும், இருதயம் களைக்கும். இதற்கு முகத்தில் மாட்டிக் காற்றை ஊதும் மாஸ்க் கருவி இருக்கிறது. நல்ல கருவி. ஆனால் மலைமேல் கரண்ட் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். தகரக் கூரைக்குக் கீழே வெயிலில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம்கூடப் படுக்க முடியாதவர்கள் இருந்தார்கள்.

மாஸ்க்கைத் தாங்க முடியாதவர்களுக்கு ஒரு புதிய சிகிச்சை வந்தது. மார்பின் மேல்பக்கம், காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி விலா எலும்புகளுக்கு நடுவே போய் மூச்சு இழுப்பதை உணரும். இன்னொரு கம்பி தாடைக்கு அடியில் போய் நாக்கை அசைக்கும் நரம்பைச் சுற்றிக்கொள்ளும். தூங்கும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் பெட்டி மெல்லிய மின்சாரம் கொடுக்கும். நாக்கு முன்னால் நகர்ந்து வழிவிடும். இது நம் பக்கத்து மக்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்கும் ஆய்வில் எங்கள் ஆஸ்பத்திரியும் சேர்ந்திருந்தது. எங்களுக்குக் கிடைத்த பெட்டிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நான் சொல்லவரும் கதை தொடங்கும்போது மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

அதைப் பெற ஒரு விதி இருந்தது. மணிக்குப் பதினைந்து முறையாவது மூச்சு நிற்க வேண்டும். நின்றால் பத்து வினாடியாவது நிற்க வேண்டும். ஒன்பது வினாடி நின்றால் அது நின்றதாகக் கணக்கில்லை. விதி நான் போட்டதல்ல.

அமிர்தி வழியாக மேலே போகும் பஸ்ஸில் போனால் எங்கள் ஆஸ்பத்திரியின் சின்னக் கிளை ஒன்று மலைமேல் இருந்தது. கீழே சமவெளியின் புழுக்கத்தில் மலைக்காரர்களுக்குத் தூக்கமே வருவதில்லை என்பதால், பரிசோதனைக்கு அங்கேயே ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். பக்கத்து அறையில் என் திரைகள், நடுச்சுவரில் ஒரு கண்ணாடி. கரண்ட் போனால் தாங்க பேட்டரி, அந்த பேட்டரி போனால் தாங்க இன்னொரு பேட்டரி, இரண்டாவது பேட்டரி வேலை செய்யுமா என்ற கவலையோடு நான்.

அங்கேதான் தீர்த்தன் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. ஒல்லி. குண்டானவர்களுக்குத்தான் இந்த நோய் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். இவருக்குத் தாடை சிறியது, உள்ளடங்கியது. அதற்குள் நாக்கு மட்டும் பெரியது. ஊரில் சாமைக் கொல்லைகளுக்கு இராக்காவல் அவருடைய வேலை. பொழுது சாய்ந்தால் பரண் ஏறி, விடியும்வரை கூவியும் தகரம் தட்டியும் காட்டுப்பன்றிகளை விரட்ட வேண்டும். அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு வீடு சாமை அளந்து கொடுப்பார்கள். ஆனால் கூவலுக்கும் கூவலுக்கும் நடுவே அவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார். முந்தின போகத்தில் இரண்டு கொல்லைகளைப் பன்றி உழுதுவிட்டுப் போயிருந்தது. இந்தப் போகமும் தூங்கினால் வேறு ஆள் என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். டாக்டருக்கு அதைவிடப் பெரிய கவலை. தீர்த்தனின் இருதயம் வீங்கத் தொடங்கியிருந்தது. மாஸ்க்கைக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. இரண்டாம் நாளே திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

இரவெல்லாம் பரணில் இருப்பவருக்குத் தூக்கம் பகலில்தான். எனவே பரிசோதனையும் பகலில். ஒரு காலையில் பரணிலிருந்து இறங்கி நேராக வந்தார், மனைவி பச்சையம்மாவோடு.

தலையில் நாடா வைத்து அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, தோலைத் தேய்த்து, பசை தடவி, ஒவ்வொரு கம்பியாக ஒட்டினேன். மூக்கில் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் கிளிப், இரண்டு முழங்காலுக்குக் கீழும் அசைவை அறியும் உணரி. ஒட்டி முடித்ததும் எல்லாவற்றையும் மறுபடி எண்ணினேன்.

"இன்னா சார், தேரு கட்றாப்ல கட்றீங்க?" என்றார் தீர்த்தன்.

"தேராம் தேரு!" என்றாள் பச்சையம்மா. "கொல்லையில நிக்கிற பொம்மைகூட இத்தவிட லட்சணமா கீது. அதுனா ராத்திரி பூரா கண்ணத் தொறந்துகினு நிக்கும்."

"பாத்தீங்களா சார், ஊருக்காரனுங்கள விட இவ வாயிதான்."

அவளிடம் அவர் மூச்சைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் ஊர் எது என்று கேட்டாள். கணியம்பாடி என்றேன். முகம் மாறிவிட்டது. "எம் பொண்ண அங்கதான் குடுத்துகீதுங்க. பேரன் பொறந்து வருசமாவப் போவுது. நான் இன்னும் போயி கண்ணால பாக்கல" என்றாள். அவ்வளவு தூரம்கூட இல்லையே, பஸ் இருக்கிறதே என்றேன். "பஸ்சு கீது" என்றாள், அதோடு நிறுத்திக்கொண்டாள்.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளி கட்டில்மேல் படுத்தால், கூட வந்தவர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பார். மலைமேல் அதை யாரும் தடுப்பதில்லை. பச்சையம்மாவும் கட்டிலுக்குக் கீழே பழைய புடவையை விரித்துப் படுத்தாள். என் கேமரா கட்டிலுக்கு மேலே கூரையில் இருந்தது. அதில் தெரிந்தது பாதம்வரை போர்த்திய தீர்த்தன் மட்டும்.

தீர்த்தன் படுத்த உடனே தூங்கிவிட்டார். குறட்டை சுவர் தாண்டிக் கேட்டது. குறட்டை நிற்கும், நான் விரலை மடக்கத் தொடங்குவேன், ஐந்து, ஆறு, ஏழு, உறுமலோடு மூச்சு வந்துவிடும். மறுபடியும் நிற்கும். மறுபடியும் ஏழில் வந்துவிடும். பத்தைத் தொட்டவை மிகச் சில. மத்தியானம் வரை எண்ணினேன். மணிக்குப் பதினைந்து எங்கே? அதில் பாதிகூடத் தேறவில்லை. விதிப்படி தீர்த்தனுக்குத் தகுதியில்லை. அவர் எழுந்து, கம்பிகளைப் பிரித்து, பசைப் பிசுக்குப் போக முகம் கழுவிக்கொண்டு வெளியே பஸ்ஸுக்குக் காத்து உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் சுகந்தி மாலை டீ டம்ளரோடு வந்து திரைக்கு முன் நின்றார்.

"எண்ணினீங்களா, பாத்தீங்களா?"

"எண்ணிட்டேன் மேடம். தேறல. ஆனா பாக்கறப்ப ஒண்ணு இடிக்குது."

இடது கால். யாருக்கும் மூச்சு திரும்பும்போது உடம்பு தூக்கிப்போடும், அப்போது காலும் உதறும். முதலில் மூச்சு, பிறகு கால். இவருக்கு முதலில் இடது கால் துடிக்கிறது. அதற்கப்புறம் மூச்சு வருகிறது. ஒவ்வொரு முறையும் அப்படியே. மூச்சு அவருக்குப் பாதத்திலிருந்து கிளம்புவது போல. வலது கால் மரம் மாதிரி சும்மா கிடக்கிறது. நான் கம்பியை மாற்றி ஒட்டிவிட்டேனோ என்று மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன்.

டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். "அவங்க போயிட்டாங்களா?"

போகவில்லை. பஸ் அன்று தாமதம். அழைத்துவந்து உட்கார வைத்தேன்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் தூக்கத்துல காலை உதறுவாரா?" என்று கேட்டார் டாக்டர்.

"அவுரு எங்கங்க ஒதறுவாரு? நான் இஸ்த்தேன்."

"இழுத்தீங்களா?"

பச்சையம்மா இடுப்பிலிருந்து ஒரு துணி நாடாவை எடுத்தாள். பழைய புடவையின் ஓரத்தைக் கிழித்துத் திரித்தது. ஒரு முனை அவருடைய கால் கட்டைவிரலுக்கு, மறுமுனை அவள் மணிக்கட்டுக்கு. குறட்டை கேட்டால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். நின்றால் ஒரு இழுப்பு. எத்தனையோ வருஷமாக இப்படித்தான். பகலில் அவர் தூங்கும்போது நாடா எட்டுகிற தூரத்துக்குள் உட்கார்ந்து சாமையில் கல் பொறுக்குவாள், சமைப்பாள். அடுப்பையே படுக்கைக்குக் கிட்டத்தில் மாற்றிப் போட்டிருந்தாள். பஸ் இருந்தும் ஏன் கணியம்பாடிக்குப் போகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீங்க எப்ப தூங்குவீங்க?" என்றார் டாக்டர்.

"அவுரு தூங்கறப்பவே நானும் கொஞ்சம் கண்ண மூடுவேங்க. நான் தூங்குவேன். கையி தூங்காது."

தீர்த்தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு, "ஆடு மாதிரி கட்டி வெச்சிகீறா" என்றார்.

"ஆடுனா அறுத்துத் துன்னலாம்."

"சரிம்மா, இங்கயும் ஏன் கட்டினீங்க?" என்றேன் நான். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"பரீட்சன்னு சொன்னீங்களே சார். மூச்ச எண்ணுவோம், அப்பாலதான் மிசினு குடுக்கறதா இல்லியான்னு சொல்லுவோம்னீங்க. நல்லா தூங்குனாத்தான பாஸு? இந்தாளு தனியா எயுதுனா பெயிலாயிடுவாரேன்னு..." என்று இழுத்தாள். பிறகு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, "இன்னா சார், பெயிலா?" என்றாள்.

டாக்டர் சுகந்தி சிரிக்கவில்லை. திரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நீளமான பதிவில், பத்து வினாடி ஆவதற்குள் வந்துவிட்ட ஒவ்வொரு மூச்சும் அந்தக் கையால் இழுத்து வரப்பட்டது. நான் எத்தனையோ பேருடைய தூக்கத்தைப் பார்த்திருக்கிறேன். விலை உயர்ந்த கருவிகள் தவறவிடுவதையும் பார்த்திருக்கிறேன். இருட்டான கட்டிலடியில் கண்ணை மூடிக்கொண்டு, காதை மட்டும் திறந்து வைத்து, ஓர் அடைப்பைக்கூடத் தவறவிடாத ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. அதை மறைக்கக் கம்பிகளைச் சுருட்டத் தொடங்கினேன்.

"மறுபடியும்" என்றார் டாக்டர். அவர் ஒரே வார்த்தையில் உத்தரவு போடுகிறவர்.

இரண்டாவது பரிசோதனை சில நாள் கழித்து. இந்தத் தடவை பச்சையம்மா கட்டிலுக்குக் கீழே கூடாது. வெளியே போகவும் மாட்டேன் என்றாள். கடைசியில் என் அறையில், என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தோம். நாடாவை டாக்டர் கேட்டு வாங்கித் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். ஆக்சிஜன் இந்த அளவுக்குக் கீழே இறங்கினால் எழுப்பிவிட வேண்டும் என்று எனக்கு ஓர் எல்லை சொல்லிவிட்டு, கதவோரம் நின்றார்.

தீர்த்தன் தூங்கினார். குறட்டை. பிறகு நிசப்தம்.

திரையில் மூக்குக் காற்றின் கோடு நேராகப் படுத்துவிட்டது. நெஞ்சுப் பட்டையின் கோடு மட்டும் வெறும் காற்றுக்காக இழுத்து இழுத்து அடங்கியது. ஐந்து. ஆறு. ஏழு. என் சட்டைக்கை வெடுக்கென்று இழுபட்டது.

பச்சையம்மா அதைப் பிடித்திருந்தாள். பார்வை கண்ணாடிக்கு அந்தப் பக்கம். கை என் சட்டையில்.

"எய்ப்புங்க சார்."

"கொஞ்சம் பொறும்மா."

பத்து. பதினைந்து. ஆக்சிஜன் எண் ஒவ்வொன்றாக இறங்கியது. இருபது. இன்னொரு இழுப்பு.

"சார், பூடும் சார். உசுரு பூடும்."

"போகாது. நான் பாத்துக்கினுதான் கீறேன்" என்றேன். எனக்கே என் வாயில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. முப்பதைத் தாண்டி எங்கேயோ, கட்டிலே குலுங்குகிற மாதிரி ஓர் உறுமலோடு மூச்சு திரும்பியது. அவள் அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. மறுபடியும் நிசப்தம். மறுபடியும் சட்டைக்கை. அப்படியே போயிற்று அந்த முற்பகல் முழுக்க. டாக்டர் சொன்ன எல்லையைத் தொட இரண்டே எண் இருக்கும்போது ஒருமுறை நான் பாதி எழுந்துவிட்டேன். அதற்குள் மூச்சு வந்துவிட்டது. தேவைப்பட்ட நேரம் பதிவானதும், "போதும், எழுப்புங்க" என்றார் டாக்டர். நான் எழுவதற்குள் பச்சையம்மா ஓடிவிட்டாள். உள்ளே போய்க் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தாள்.

விதி கேட்டதைவிட மூன்று மடங்குக்கு மேல் வந்திருந்தது. என் சட்டைக்கையில் தையல் பிரிந்திருந்தது.

"பாஸா சார்?" என்று கேட்டாள், மூச்சு வாங்க.

"நல்லா பாஸ்மா."

"நான் இல்லாமயே பாஸாயிட்டியே" என்று புருஷனைத் தட்டினாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்லாத்தான் தூங்கினேன் என்றார்.

அதற்குப் பிறகு கீழே பெரிய ஆஸ்பத்திரியில் இன்னும் சில சோதனைகள். மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, மெல்லிய குழாய்க் கேமராவால் தொண்டை எங்கே மூடுகிறது என்று பார்த்தார்கள். நாக்குதான் குற்றவாளி என்று உறுதியானது. டாக்டர் தீர்த்தனுக்குத் தன் நாக்கை நீட்டிக் காட்டி, அது பின்னால் விழுவதையும் முன்னால் வருவதையும் நடித்துக் காட்டி, ஆபத்துகளையும் சொல்லி, சம்மதமா என்று கேட்டார். அவர் பச்சையம்மாவைப் பார்த்தார். "என்ன ஏன் பாக்கற? நாக்கு ஒன்னோடது" என்றாள்.

ஆபரேஷன் தியேட்டரில் என் வேலை, நாக்கின் தசைகளில் செருகிய மெல்லிய ஊசிகளின் சமிக்ஞையைத் திரையில் பார்த்துச் சொல்வது. தாடைக்கு அடியில் ஒரு சின்ன வெட்டு. அதற்குள் டாக்டர் தேடிய நரம்பு வெள்ளையாக, ஈரமாக, சேமியா இழை போல இருந்தது. அது முன்னே போய்ப் பல கிளைகளாகப் பிரிகிறது. சில நாக்கை முன்னே தள்ளும், சில பின்னே இழுக்கும். பின்னே இழுக்கும் ஒரு கிளையைச் சேர்த்துக் கட்டிவிட்டாலும் சிகிச்சை நோயாகிவிடும். ஒவ்வொரு இழையையும் ஒரு முனையால் தொடுவார். "இது?" நான் திரையைப் பார்த்து, "பின்னால மேடம்" என்பேன். விட்டுவிடுவார். "இது?" "முன்னால." மூன்று தடவை தொட்டு மூன்று தடவையும் நான் அதையே சொன்ன பிறகுதான் அடுத்ததற்குப் போவார். முன்னே தள்ளும் கிளைகளை மட்டும் சேர்த்து அந்த மெல்லிய பட்டையைச் சுற்றினார்.

"கரண்ட்" என்றார்.

முகத்தின்மேல் கண்ணாடி போன்ற விரிப்பு போட்டிருந்தோம். மூக்கு வழியாகக் குழாய் போனதால் வாய் திறந்திருந்தது. முழு மயக்கத்தில், உலகம் தெரியாமல் கிடந்த அந்த மனிதனின் நாக்கு மெல்ல அசைந்தது. தலையைத் தூக்கிப் பார்க்கும் ஆமையைப் போல, கீழ்ப் பல் வரிசையைத் தாண்டி, கோணாமல் நேராக வெளியே வந்து நின்றது. மின்சாரம் நின்றதும் உள்ளே போயிற்று. மறுபடியும் வந்தது. ஒரு நரம்புக்கும் ஒரு கம்பிக்கும் நடுவே, ஒரு மனிதனின் மூச்சுக்கு வழி திறந்து மூடுவதை நான் கையெட்டும் தூரத்தில் நின்று பார்த்தேன். டாக்டர் நிமிர்ந்தார். அவருடைய முகக்கவசம் நடுவில் லேசாக முன்னே உப்பியது. உள்ளே அவரும் தன் நாக்கை நீட்டினார் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

புண் ஆற ஒரு மாதம் விட்டோம். பிறகு மலைமேல் அதே அறையில் கருவியை இயக்கினோம். விழித்திருக்கும்போது முதலில் மெல்லக் கொடுத்துப் பார்த்தபோது தீர்த்தன் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"வாயில மீனு துள்ளுது சார்!"

"நாக்கு நீளம்னு நான் கண்ணாலம் ஆன அன்னிக்கே சொன்னேன்" என்றாள் பச்சையம்மா.

அவர் தூங்கினார். அவள் முன்போலவே என் பக்கத்தில். நான் வீட்டிலிருந்தே பழைய சட்டை போட்டு வந்திருந்தேன். அவர் தூக்கம் கலையாதபடி டாக்டர் மின்சாரத்தைத் துளித்துளியாக ஏற்றினார். முதலில் குறட்டை, அடைப்பு, சட்டைக்கை. ஒரு படி ஏற்றியதும் அடைப்பு குறைந்தது. இன்னொரு படி. குறட்டை மெலிந்து, தேய்ந்து, காணாமல் போயிற்று.

அவள் கை இறுகியது. குறட்டை இல்லாவிட்டால் அவளுக்கு உயிர் இல்லை என்றல்லவா கணக்கு. "இன்னா சார், சத்தமே காணோம்?"

திரையைக் காட்டினேன். காற்றின் கோடு ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது. ஒவ்வோர் ஏற்றத்துக்கும் தாடைக்கு அடியில் ஒரு சின்ன அசைவு. அவளுக்குக் கோடு பிடிபடவில்லை. டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு அவளை உள்ளே அழைத்துப் போனார்; அவள் புறங்கையைத் தீர்த்தனின் மூக்குக்குக் கீழே பிடித்தார். கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நெடுநேரம் கையை எடுக்கவில்லை. எத்தனை நேரம் என்று நான் குறிக்கவும் இல்லை.

போகும்போது டாக்டர் கோட்டுப் பையிலிருந்த நாடாவை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த வருஷம், ஓய்வு பெறுவதற்கு முன் என் கடைசி வேலைகளில் ஒன்று, அவரை வீட்டில் போய்ப் பரிசோதிப்பது. கையடக்கப் பதிவுப் பெட்டியோடு காலையில் மலையேறினேன். பஸ்ஸில் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு போனதில் அவருக்கு முன்கூட்டியே தகவல் போயிருக்கிறதா என்று மூன்றாவது வளைவில்தான் கவலை வந்தது. போகவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் பரணிலிருந்து வந்து தூங்கியே விட்டிருந்தார்.

கதவு திறந்திருந்தது. தரையில் பாய்மேல் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில், படுக்கும்போது நெஞ்சுப் பெட்டியை இயக்கிவிடும் ரிமோட். அடுப்பு பழைய இடத்துக்கே, மூலைக்குப் போயிருந்தது. பச்சையம்மா இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். இப்படியா விட்டுவிட்டுப் போவாள்? கருவி நின்றுவிட்டால்?

அப்போதுதான் பார்த்தேன். அவர் கால் கட்டைவிரலில் நாடா கட்டியிருந்தது. தரையில் அது போன வழியே என் கண்ணும் போயிற்று. மறுமுனை, சுவரோரம் கிடந்த உரலைச் சுற்றி இரண்டு முடிச்சாகக் கட்டப்பட்டிருந்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். "பச்சையம்மாவா? அவ பொண்ணு வூட்டுக்குப் பூட்டா. கணியம்பாடிக்கு. போயி நாளாச்சே."

"நாளாச்சா! அப்ப இவரு தனியாவா தூங்கறாரு? இது இன்னா, உரல்ல?"

"அத்த ஏன் கேக்கறீங்க. வெரல்ல கட்டலன்னா இந்தாளுக்குத் தூக்கம் வரலியாம். பயக்கமாம். அவளும் பாத்தா, ஒரலுல கட்டி வுட்டுட்டு, 'நான் வர்ற வரைக்கும் இது இஸ்க்கும், தூங்கு'ன்னு சொல்லிட்டுப் பஸ்சு ஏறிட்டா." சிரித்து முடித்தவள் சட்டென்று முகத்தைச் சுளித்தாள். "ஒரு விசயம் டாக்டருகிட்ட சொல்லுங்க சார். இப்பல்லாம் இந்தாளு ராவெல்லாம் கொட்டக் கொட்ட முய்ச்சினு கூவறாரு. பன்னி வரலதான். எங்களுக்குத் தூக்கம் போச்சு."

சொல்கிறேன் என்றேன். அவள் போனதும் பெட்டியைத் திறக்காமல் தரையில் உட்கார்ந்தேன். எழுப்பிக் கம்பி ஒட்ட மனம் வரவில்லை. விழிக்கட்டும் என்று காத்திருந்தேன். பழக்க தோஷம், உரலிலிருந்து கொஞ்சம் நாடாவைத் தளர்த்தி விரலில் சுற்றிக்கொண்டேன். நிசப்தமாக இருந்தது. நெஞ்சு ஏறியது, இறங்கியது. தாடைக்கு அடியில் அந்தச் சின்ன அசைவு. எண்ணத் தொடங்கினேன். எங்கேயோ விட்டுப்போயிற்று. திரும்ப முதலிலிருந்து தொடங்கவில்லை. வாசலில் வெயில் நகர்ந்துகொண்டிருந்தது. நான் அந்த மூச்சைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

பிறகு நாடாவை என் விரலிலிருந்து உருவி, முன்பு இருந்தபடியே உரலோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். அவர் விழிக்கும்வரை உரல் ஒரு தடவைகூட இழுக்க வேண்டியிருக்கவில்லை.